ஒற்றை இலை ஜிமிக்கி

பிஸ்கட் டப்பா, தையல் மெஷின் இழுப்பறை, பீரோவுக்கு அடியில் தள்ளி வைத்திருந்த அட்டைப்பெட்டி என்று ஒன்று விடாமல் கூடத்தில் கவிழ்த்துக் கொட்டியிருந்தாள் ஹேமாவதி. தேடியது தங்கமும் இல்லை, வைரமும் இல்லை. மிளகைவிடக் கொஞ்சம் பெரிய, பூ விரிந்த மாதிரியான தகரத் தொப்பிகள். ஜிமிக்கிக் குடையின் உச்சியில் கம்பி நுழையும் ஓட்டையை மூடி உட்காருகிற அதற்குக் கேப் என்று பெயர். இருபத்திரண்டு கேப் கிடைத்துவிட்டால் மிச்சமிருக்கிற பதினோரு ஜோடியும் முடிந்துவிடும். முடிந்த முப்பத்து நான்கு ஜோடியையும் ஏற்கெனவே பெட்டியில் அடுக்கி மூடியாகிவிட்டது. இந்தப் பதினொன்று மட்டும் மொட்டைத் தலையோடு சாப்பாட்டு மேஜையில் வரிசையாக உட்கார்ந்துகொண்டு அவள் மானத்தை வாங்கின. அன்று செவ்வாய்க்கிழமை. ஞாயிறு காலை திருவேற்காட்டில், ஆர்டர் கொடுத்த பெண்ணுக்கு வளைகாப்பு.

வழக்கமாகச் சாமான் வாங்கிவந்து கொடுக்கிற கஸ்தூரிக்காவின் போன் இரண்டு நாளாக அணைந்து கிடந்தது. வேலூரில் சம்பந்தி வீட்டுக் கிரகப்பிரவேசம், செவ்வாய் சாயந்திரம் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். மார்க்கெட் கடையில் இந்தக் கேப் வைப்பதில்லை. வேறு யாரிடமாவது கேட்கலாம் என்றால் அது நடக்காத காரியம். இந்தக் கைவேலைத் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எந்தப் பசை சீக்கிரம் காயும் என்பதைச் சொல்வார்கள், எந்தக் கல் ஒரே மாதத்தில் கறுத்துப்போகும் என்பதைச் சொல்வார்கள், வாய் தவறினால் புருஷன் சம்பளத்தைக்கூடச் சொல்லிவிடுவார்கள். சாமான் எங்கே வாங்குகிறாய் என்ற கேள்வி வந்தால் மட்டும் உலகத்திலுள்ள அத்தனை அடுப்பிலும் பால் பொங்கிவிடும், எழுந்து போய்விடுவார்கள். கேட்கிறவளுக்குத்தான் அவமானம். அதனால் ஹேமாவதி யாரையும் கேட்டதில்லை. கேட்கவேண்டிய தேவையும் ஆறு வருஷமாக வந்ததில்லை. அவளுக்குத்தான் கஸ்தூரிக்கா இருந்தாளே.

அருப்புக்கோட்டையிலிருந்து ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிதில், பொழுது போகாமல் யூடியூப் பார்த்துப் பட்டு நூல் ஜிமிக்கி செய்யப் பழகினாள் ஹேமாவதி. அப்போது அவளிடம் இருந்த கருவிகள், நகவெட்டி ஒன்று, கணவன் கார்த்திகேசனின் துருப்பிடித்த பிளேயர் ஒன்று, ஊக்கு ஒன்று. நகவெட்டியால் கம்பி நறுக்கினாள். பிளேயரால் வளைத்தால் கம்பி வளைவதற்குப் பதில் நசுங்கியது. நூலும் கல்சங்கிலியும் மார்க்கெட் பக்கத்து ஃபேன்சி ஸ்டோரில் வாங்கினால், ஒரு ஜோடிக்கு ஆன செலவைவிடக் குறைவாகத்தான் அந்த ஜோடியை விற்க முடிந்தது. கம்யூனிட்டி ஹாலில் ஆயுத பூஜைக்குப் போட்ட கண்காட்சியில் ஒரு மேஜை வாங்கி ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் கஸ்தூரி வந்தாள். பட்டாபிராமில் சொந்த வீட்டுக்காரி, நாற்பத்தைந்து வயது, பிள்ளைகளைக் கரை சேர்த்தாகிவிட்டது. ஒரு ஜிமிக்கியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நூலு இன்னா வெலைக்கு வாங்கினே?" என்றாள். ஹேமாவதி சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி, உன் தலைல நல்லா மொளகா அரைச்சிருக்கான். சவுக்கார்பேட்டைல இதுல பாதி. நா வாங்கியாரேன், வுடு."

அன்றிலிருந்து மாதத்துக்கு இரண்டு தடவை கஸ்தூரிக்கா பட்டாபிராமில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரல் போவாள், அங்கிருந்து சவுக்கார்பேட்டைச் சந்துகளில் வெயிலில் அலைந்து சாமான் வாங்கி வருவாள். முனை உருண்டையான வளைப்புக் குறடு, வெட்டுக் குறடு, பசைத் துப்பாக்கி, குடை, கொக்கி, வளையம், நூல், கல். எல்லாம் ஃபேன்சி ஸ்டோர் விலையில் பாதி, சிலது பாதிக்கும் கீழே. ஹேமாவதி உருகிப்போனாள். ரயில் சார்ஜைத் தனியாகக் கொடுப்பாள். அலைகிறவளுக்குப் பசிக்குமே என்று விடிகாலையில் எழுந்து புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொடுப்பாள். இது போதாதென்று இன்னொரு வழக்கமும் வைத்திருந்தாள். புதிதாக ஒரு மாதிரி செய்தால் அதன் முதல் ஜோடியை விற்கமாட்டாள். கஸ்தூரிக்கா கைராசிக்காரி என்று அதை அவளுக்கே கொடுத்துவிடுவாள். கஸ்தூரி அவற்றை ஒரு நாளும் காதில் போட்டுக்கொண்டதில்லை. பத்திரமா வெச்சிக்கீறேன்டி என்பாள். அதைக் கேட்டு ஹேமாவதிக்கு இன்னும் மனசு நிறைந்துபோகும்.

பாதி விலை என்றால் பாதிச் சரக்குத்தான் என்பதும் அவளுக்குத் தெரியாமல் இல்லை. கஸ்தூரிக்கா கொண்டுவந்த நூல் கண்டுகள் பெரும்பாலும் கட் நூல். மில்லில் அறுந்து முடிச்சுப் போட்டுச் சுற்றிய கழிவு. பன்னிரண்டு இழையை இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டி, ஒன்றாகச் சேர்த்து, குடையைச் சுற்றிக்கொண்டே வந்தால் எங்கேயாவது ஓரிடத்தில் முடிச்சு வந்து நிற்கும். நெற்றியில் பரு மாதிரி அது துருத்திக்கொண்டு தெரியும். அதை மறைக்கத்தான் ஹேமாவதி ஒரு பச்சை இலைக் கல்லை எடுத்து, முடிச்சின் மேல் சாய்வாக, ஓரமாக ஒட்டினாள். குடையின் மற்ற பக்கமெல்லாம் வெறும் நூல், விளிம்பில் கல்சங்கிலி, பக்கவாட்டில் அந்த ஒரே ஓர் இலை. செய்தது குறையை மூட. வந்ததோ அழகு. பார்த்தவர்கள் எல்லாரும் அந்த இலையைத்தான் தொட்டுப் பார்த்தார்கள். திருவேற்காட்டு அடுக்குமாடிக் குடியிருப்பின் கிருஷ்ணப்பிரியாவும் அதைத்தான் தொட்டாள். ஐ.டி.யில் வேலை, ஏழு மாதக் கர்ப்பிணி, வளைகாப்புக்கு வருகிற பெண்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்க நாற்பத்தைந்து ஜோடி சொன்னாள். "ஆன்ட்டி, ஒரே ஒரு கண்டிஷன். இந்த இலை டிசைன் வேற எங்கேயும் கிடைக்கக் கூடாது. எனக்காகப் பண்ணினதா இருக்கணும்." ஹேமாவதி சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள், இது என் தலையில் உதித்தது, வேறு எவளுக்கும் தெரியாது என்று. அந்தக் குடியிருப்பில் இருநூறு வீடு. இந்த ஒன்று நல்லபடியாக முடிந்தால் அந்த இருநூறு வீட்டுக்கும் அவள் பெயர் போகும். ஆறு வருஷத்தில் முதல்முறையாகத் தன்னைத் தானே தொழில்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

கேப் கிடைக்கவில்லை. அட்டைப்பெட்டியின் அடியில், போன வருஷத்துக் காலி பிளாஸ்டிக் கவர்களின் கட்டு ஒன்று கிடைத்தது. ஒவ்வொன்றாக உதறினாள். கஸ்தூரிக்கா கொண்டுவரும் கவர்களின் மேல் மூலை எப்போதும் கிழிந்திருக்கும். அவசரத்தில் பிரித்ததாக இருக்கும் என்று அவள் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. கட்டின் நடுவில் ஒரு கவர் மட்டும் மூலை கிழியாமல் முழுசாக இருந்தது. அந்த மூலையில் ஊதா மையில் ரப்பர் முத்திரை. மெத்தைக் கடை மாடி, குமணன்சாவடி, சென்னை 56.

முதலில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. சவுக்கார்பேட்டைக்காரன் இங்கேயும் ஒரு கிளை வைத்திருக்கிறான் போலிருக்கிறது, பாவம் கஸ்தூரிக்காவுக்குத் தெரியாது, தெரிந்தால் இந்த அலைச்சல் மிச்சமாகுமே என்று நினைத்தாள். அக்கா வந்ததும் இதைச் சொல்லி ஆச்சரியப்படுத்தவேண்டும் என்றுகூட மனசுக்குள் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டாள். பூந்தமல்லி பஸ் ஏறினாள். பெண்களுக்கு இலவசம் என்பதால் கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டில் விலை இல்லை. நாற்பது நிமிஷத்தில் குமணன்சாவடி வந்துவிட்டது. மெட்ரோ தூண்களுக்குக் கீழே சாலையைக் கடந்து, மெத்தைக் கடையை விசாரித்துக் கண்டுபிடித்தாள். பக்கத்தில் ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்து. அதற்குள் கைப்பிடி இல்லாத செங்குத்தான படி, அதுவும் பட்டப்பகலில் இருட்டு. மூட்டையோடு ஏறியவர்களின் தோள் உரசி உரசிச் சுவர் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது.

மேலே போனால் பெரிய கூடம். தரையிலிருந்து கூரை வரைக்கும் நூல் கண்டுகள். நிறம் நிறமாக, அறுபடாத முழுக் கண்டுகள். ஒரு மூலையில் நான்கு பெண்கள் தரையில் உட்கார்ந்து அட்டையில் ஜிமிக்கி குத்திக்கொண்டிருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் கடைக்காரர் கோவிந்தராஜ். சட்டைப்பையில் நாலு பேனா, நெற்றியில் குங்குமம், பேச்சில் ஒரு கலகலப்பு.

"இன்னாம்மா வோணும்? சில்லறைல குடுக்கறதில்ல, கிராஸ் கணக்குதான். நூத்தி நாப்பத்தி நாலு எடுக்கறதா இருந்தா எடு."

"கேப் வேணும்ண்ணா. பட்டாபிராம் கஸ்தூரிக்கா உங்ககிட்டதான் வாங்குவாங்கன்னு நெனைக்கறேன். அவங்க ஊர்ல இல்ல, அதான்."

"கஸ்தூரி மேடமா? மொதல்லயே சொல்றதில்லயா? ஏம்மா, ஒரு சேர் போடு." அவர் முகமே மாறிவிட்டது. அவளை மேலும் கீழும் பார்த்தார். "மேடத்தாண்ட கை வேல செய்ற பொண்ணு ஒண்ணு கீதுன்னு சொல்லுவாங்க. அது நீதானா?"

ஹேமாவதி பதில் சொல்லுமுன் நாற்காலி வந்துவிட்டது. உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் மாதிரி அட்டைகள் மாட்டியிருந்தன. முதலில் கண்ணில் பட்டது மயில்நீல வண்ணத்தில் முத்து தொங்குகிற வளையம். அது அவள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் செய்தது. அதற்குக் கீழே இரட்டைக் குடை. போன வருஷத்துப் பொங்கலுக்குச் செய்தது. அதற்கும் கீழே, ஒரு முழு வரிசைக்கு, சிவப்பில், பச்சையில், மஞ்சளில், அரக்கில், பக்கவாட்டில் சாய்ந்த ஒற்றை இலையோடு. பன்னிரண்டு ஜோடி ஓர் அட்டை. மேலே பளபளக்கிற பிளாஸ்டிக் உறை. அவளுக்கு முதலில் ஒன்றுமே புரியவில்லை. புரிந்தபோது அந்த இலைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

"மேடத்துக்கு இன்னா மூளம்மா!" என்று கோவிந்தராஜ் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "மாசத்துக்கு ஒண்ணாச்சும் புச்சா கொணாந்து குட்த்துடுவாங்க. நாம திருமழிசைல ஆள் வெச்சி அதே மாரி அடிச்சுக்கறோம். டிசைனுக்குன்னு துட்டு ஒரு பைசா கேட்டதில்ல. கட் நூலு, டப்பா அடில மிஞ்சுற சாமான்லாம் பாதி ரேட்டுக்குப் போட்டுட்றேன், அவ்ளோதான். சொக்கத்தங்கம். அப்பறம் அந்தப் புளிசோறு! அத்த துன்னுட்டுத்தான் நம்ம ஆளுங்க மத்தியானம் வேலையே பாக்கும்." தரையில் இருந்த பெண்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். ஒருத்தி, உருளைக்கிழங்கை வுட்டுட்டியே அண்ணே என்றாள்.

ஹேமாவதி எழுந்து போய் ஓர் அட்டையிலிருந்து ஜிமிக்கி ஒன்றைக் கையில் எடுத்தாள். நன்றாகத்தான் சுற்றியிருந்தார்கள். நகத்தை விட்டு இலையை நெம்பினாள். அடியில் முடிச்சு இல்லை. ஒட்டு இல்லை. முழுக் கண்டில் சுற்றிய நூல் வழவழவென்று ஒரு பிசிறு இல்லாமல் ஓடியது.

"இந்த இலையை எதுக்கு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"எதுக்குன்னா? அதாம்மா டிசைனே." அவருக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. "எலை செம ஓட்டம். திருப்பதி வரிக்கும் போவுது. அடுத்தது எப்பன்னு மேடத்த கேட்டுச் சொல்லு, முகூர்த்த சீசன் வர்து."

அது என்னுடையது என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் இந்த மனுஷர் நம்பலாம், நம்பாமல் போகலாம். எப்படியிருந்தாலும் அந்தச் சுவரில் மாட்டியது மாட்டியதுதான். கேப் ஒரு கிராஸும் ஒற்றை இலை அட்டை ஒன்றும் வாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கினாள். பன்னிரண்டு ஜோடியும் சேர்த்து வந்த விலைக்கு, பாதி விலைச் சாமானை வைத்தேகூட அவளால் நான்கு ஜோடி செய்ய முடியாது. திரும்புகிற பஸ்ஸில் அவளை எரித்தது அந்த அட்டை இல்லை, புளிசாதம்தான். இன்னதுதான் என்றில்லாமல் ஆறு வருஷத்து விடிகாலைகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. புளி கரைத்தது, வேர்க்கடலை வறுத்தது, சூடாக வைத்து மூடினால் கெட்டுவிடும் என்று விசிறியடியில் ஆறவைத்தது. ரயிலில் கூட்டம் எப்படிக்கா என்று கேட்டதற்கு, ஏன் கேக்கறே, நசுக்கிட்டானுங்க என்று கஸ்தூரிக்கா வியர்வையைப் பிழிந்து காட்டிய முந்தானை. எப்படிப்பட்ட வாய்!

பட்டாபிராமில் அவள் போய் நின்றபோது கஸ்தூரி அப்போதுதான் வேலூரிலிருந்து வந்திருந்தாள். பட்டுப்புடவையை இன்னும் மாற்றவில்லை. கிரகப்பிரவேசத்தில் கொடுத்த தாம்பூலப் பையை அவிழ்த்துக்கொண்டே, "வாடி, உனக்கு லட்டு எடுத்தாந்துகீறேன்" என்றாள். ஹேமாவதி அட்டையை டி.வி. மேஜைமேல் வைத்தாள். கஸ்தூரி அதைப் பார்த்தாள். உள்ளே போனாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஹேமாவதிக்கு எதிரே தரையில் வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தாள். ஐயோ, இது என்னடி, எவன் செய்த வேலை என்று கேட்பாள், பதறுவாள், சத்தியம் பண்ணுவாள் என்று ஹேமாவதி வழியெல்லாம் எதிர்பார்த்துக்கொண்டு வந்தாள். அப்படி ஒரு பொய் சொன்னால் நம்பிவிடக்கூடத் தயாராக இருந்தாள்.

"எப்டிக் கண்டுபுட்ச்சே?" என்றாள் கஸ்தூரி.

"கவர்ல முத்திரை இருந்துச்சு."

"கிழிச்சுட்டுத்தானே குடுப்பேன்." அது அவளுக்குள்ளேயே சொல்லிக்கொண்டது போல இருந்தது.

ஹேமாவதிக்கு அழுகை முட்டியது. இவள் முன்னால் அழக்கூடாது என்று அடக்கினாள். "ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க? நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?"

"நீ கேட்டது இன்னா? சல்லிசா வோணும்னு கேட்டே. ஆறு வர்சமா சல்லிசாத்தான் வந்துது. சவுக்கார்பேட்டைலயே பாதின்னா, அதுக்கும் கீழ எவன்டி குடுப்பான்? எப்டி வர்துன்னு ஒரு நாளாச்சும் கேட்டியா? கேக்க மாட்டே. கேட்டா நின்னுபூடும்னு ஒனக்கும் தெரியும்."

அதில் ஓர் உண்மை இருந்தது. அதுதான் ஹேமாவதியை இன்னும் கோபப்படுத்தியது. கேட்கக்கூடாது என்பதுதானே இந்தத் தொழிலில் மரியாதை. மரியாதை காட்டியதற்கா இந்தத் தண்டனை? "இடத்தையாவது சொல்லியிருக்கலாமே. நானே நேராப் போயிருப்பேன். ரயிலு, வெயிலுன்னு எத்தனை கதை..."

"எடம் தெரிஞ்சா நீ பூடுவே. அப்பறம் பட்டாபிராம்ல ஒரு கஸ்தூரி கீறான்னு எவ நெனைக்கப் போறா?" கஸ்தூரியின் குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் இறங்கியது. "அங்க போனா எனக்கு சேர் போட்றான்டி. மேடம்ன்றான். இந்த ஊட்ல முப்பத்தி ரெண்டு வர்சமா குப்ப கொட்றேன், எவனாச்சும் உக்காருன்னு சொல்லிகீறானா?"

ஹேமாவதி அதற்கு இரங்கவில்லை. நாளைக்கு இரங்கலாம், பத்து வருஷம் கழித்து இரங்கலாம், அன்றைக்கு முடியவில்லை. "உங்க கைராசின்னுதானேக்கா முதல் ஜோடிய உங்களுக்குக் குடுத்தேன்."

"ராசி இல்லன்னா சொல்றே?" கஸ்தூரி டி.வி. மேஜையைக் கண்ணால் காட்டினாள். "ஊர் பூரா தொங்குதே."

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டுப்போய் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹேமாவதி அட்டையை எடுத்துக்கொண்டு செருப்பைப் போட்டாள். சொம்புத் தண்ணீரைத் தொடவில்லை.

மறுநாள் பதினோரு ஜோடிக்கும் கேப் வைத்து முடித்தாள். மனசு வேறெங்கோ இருந்தாலும் கை அதன் வேலையைச் செய்தது. என்ன, முகம் பேயறைந்த மாதிரி இருக்கிறது என்று கார்த்திகேசன் கேட்டதற்கு, தலைவலி என்றாள். நடந்ததைச் சொன்னால், அப்போதே சொன்னேனே என்று ஆரம்பிப்பான். அவன் எப்போதும் எதையும் சொன்னதில்லை, ஆனாலும் ஆரம்பிப்பான். பேசாமல் பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாமா என்றும் யோசித்தாள். வளைகாப்புக்கு வருகிற நாற்பத்தைந்து பேரில் ஒருத்தி திருப்பதியில் இதே இலையை வாங்கியிருந்தால்? அவள் அதைச் சபையில் சொன்னால்? வயிற்றுப் பிள்ளைக்காரி முகம் வாடிப்போகும். கொடுத்த வார்த்தை பொய்யாகிப்போய்விட்டது, அதைத் தன் வாயாலேயே சொல்லிவிடுவதுதான் சரி என்று தோன்றியது. தன்னிடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை, அதனால்தான் அப்படித் தோன்றியது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குத் திருவேற்காட்டுக்கு வேன் ஏறினாள். கிருஷ்ணப்பிரியா காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக் கதவைத் திறந்தாள். மெலிந்த பெண், வயிறு மட்டும் முன்னால் வந்து நின்றது. ஜூஸ் கொடுத்தாள், மின்விசிறியைக் கூட்டினாள். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, சூப்பர் ஆன்ட்டி என்று குழந்தை மாதிரிக் கையைத் தட்டினாள். ஹேமாவதி அந்த அட்டையை எடுத்து ஜூஸ் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். நடந்ததைச் சொன்னாள். கஸ்தூரியின் பெயரைச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒருத்தர் என்றாள். சொல்லச் சொல்ல, தன் குரலே தனக்குக் கதை விடுகிற மாதிரி கேட்டது.

கிருஷ்ணப்பிரியா பெட்டியில் இருந்ததையும் அட்டையில் இருந்ததையும் மாறிமாறிப் பார்த்தாள். "ஆன்ட்டி, நான் ஓப்பனா கேட்டுடறேன், கோவிச்சுக்காதீங்க. இதெல்லாம் நீங்க அங்கருந்து வாங்கிட்டு வந்ததுதானே?"

"இல்லம்மா. என் கையால செஞ்சது. இதை மொதல்ல செஞ்சது நான். அவங்கதான் என்னைப் பார்த்து..."

"அப்படித்தான் ஆன்ட்டி எல்லாரும் சொல்றாங்க." அந்தப் பெண்ணின் குரலில் கோபம் இல்லை. ஏமாற்றம்தான் இருந்தது. ஹேமாவதிக்கு அது நன்றாக அடையாளம் தெரிந்தது. இரண்டு நாளாக அவளே அதைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள்.

சத்தியம் செய்து பிரயோஜனம் இல்லை. ஹேமாவதி தன் கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். பெட்டியிலிருந்து ஒரு ஜிமிக்கியை எடுத்து இலையின் கீழே ஊசியைக் கொடுத்து நெம்பினாள். இலை தெறித்துத் தரையில் விழுந்தது. அடியில் பசை மஞ்சளாக உறைந்திருந்தது. நடுவில் முடிச்சு. முடிச்சின் இரண்டு பக்கமும் இழைகள் விலகி, உள்ளே குடையின் வெள்ளைப் பிளாஸ்டிக் தெரிந்தது. அதைக் கிருஷ்ணப்பிரியாவின் உள்ளங்கையில் வைத்தாள். "இது என்னுதும்மா. நூல் சரியில்ல, முடிச்சு விழும். அதை மூடத்தான் இலை. எந்த ஜோடிய வேணா பிரிச்சுப் பாருங்க, அடியில இது இருக்கும்." பிறகு அட்டையிலிருந்து ஒன்றை எடுத்து அதன் இலையையும் நெம்பினாள். "இது அவங்களுது. அவங்களுக்கு முடிச்சே கிடையாது. எதுக்கு இலை வெக்கறோம்னுகூடத் தெரியாம வெச்சிருக்காங்க."

யாரிடமும் காட்டியிராத குறையை இப்படி ஒருத்தி கையில் எடுத்து வைத்ததில் அவளுக்கு உடம்பு கூசியது. ஆனாலும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை.

கிருஷ்ணப்பிரியா இரண்டையும் எடுத்துக்கொண்டு பால்கனிக் கதவருகே வெளிச்சத்துக்குப் போனாள். விரலால் ஒன்றைத் தடவினாள், மற்றதைத் தடவினாள். "நம்பறேன் ஆன்ட்டி. சாரி, நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றாள். மனப்பூர்வமாகத்தான் சொன்னாள். ஹேமாவதிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு வருஷத்தில் இப்படி ஒரு நிம்மதி அவளுக்கு வந்ததில்லை. அந்தப் பெண் இன்னும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அப்போ ஃபினிஷிங் கடையில இருக்கறதுதான் நல்லா இருக்கு, இல்ல ஆன்ட்டி?"

கள்ளம் இல்லாமல் கேட்ட கேள்வி. கடையில் இரண்டு புடவையைப் பிரித்துப் போட்டு, கூட வந்தவளிடம் கேட்பார்களே, அந்த மாதிரி. ஹேமாவதி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். வேறென்ன சொல்வது? நன்றாகத்தான் இருந்தது.

"கெஸ்ட் லிஸ்ட் வேற எழுபதுக்கு மேல போயிடுச்சு. ஆபீஸ்ல இருந்தும் வர்றாங்க." கிருஷ்ணப்பிரியா மெதுவாகத் திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்தாள். பெட்டியை மூடவும் இல்லை, தன் பக்கம் இழுத்துக்கொள்ளவும் இல்லை. போனை எடுத்தாள். "அந்தக் கடை எங்க ஆன்ட்டி இருக்கு?"

சவுக்கார்பேட்டை என்ற சொல் ஹேமாவதியின் நாக்கு நுனிக்குத் தானாக வந்து நின்றது. ரயில், கூட்டம், வெயில், சந்து எல்லாம் அதன் பின்னால் வரிசையாக வந்து நின்றன. அதைச் சொல்வது அவ்வளவு சுலபமாக இருந்தது. அந்தச் சுலபத்தில் அவள் ஒரு நிமிஷம் பயந்துபோனாள். மடியில் கிடந்த கொண்டை ஊசியை எடுத்து நுனியில் ஒட்டியிருந்த பசையைத் துடைத்தாள்.

"குமணன்சாவடி. மெத்தைக் கடை மாடி."

"குமணன்சாவடியா? இங்கருந்து பதினஞ்சு நிமிஷம்தானே!" கிருஷ்ணப்பிரியா ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு மறு கையால் போனில் எழுதினாள். "மெத்தைக் கடை, மாடி. அப்புறம்?"

"பக்கத்துல ஒரு சந்து போகும். ஒரு ஆள்தான் நுழைய முடியும். உள்ள படி இருட்டா இருக்கும், கைப்பிடி கிடையாது." ஹேமாவதி ஊசியைக் கொண்டையில் செருகினாள். "ரொம்பச் செங்குத்தும்மா. இந்த நேரத்துல நீங்க ஏறாதீங்க, வீட்டுக்காரரை அனுப்புங்க. சேர் போடச் சொல்லுங்க, போடுவாங்க."